சிவானந்தன் தலைமையில் ஒரு படகுப் பயணம்

சம்பந்தம் செய்யப் போகிறவர்கள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தால் அவர்களை எங்கே வைத்திருப்பது, என்ன கதைப்பது என்று சிவானந்தனுக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தெட்டு வருடமாக டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறார். அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. மகன் சுபாங்கன் ஓகூஸ் நகரில் படித்த காலத்தில் இளவேனில் என்ற பெண்ணை விரும்பினான். பெண் தமிழ்ப் பெண்தான் என்று தெரிந்ததும் வீட்டில் பெரிய ஆறுதல். மதுரைக்காரர்கள், இப்போது புரொண்பியில் இருக்கிறார்கள், தகப்பன் சேகர் கணினி எஞ்சினியர் என்று தெரிந்ததும் அந்த ஆறுதலில் பாதி கரைந்துவிட்டது.

"எஞ்சினியரோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்று மனைவி புஸ்பராணியிடம் கேட்டார்.

"நீங்கள் கதைக்காமல் இருந்தாலே காரியம் ஒப்பேறும்," என்றாள் அவள்.

சேகரும் அவர் மனைவி சுசீலாவும் மகளுடன் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தார்கள். மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்களுக்குப் புஸ்பராணி ஒன்பது கறி வைத்திருந்தாள். ஒன்பதும் மரக்கறி. இளவேனில் சைவம் என்று சுபாங்கன் சொல்லியிருந்தான். ஒரு வீட்டில் பிள்ளை மட்டும் தனியாகவா சைவமாக இருக்கும், தாய் தகப்பனும் அப்படித்தான் இருக்கும் என்று புஸ்பராணி முடிவு கட்டிவிட்டாள். நெத்தலிக் கருவாட்டுப் போத்தல்கூட இரண்டு நாளைக்குக் கராஜுக்குப் போயிருந்தது. ஒன்பது கறியையும் கண்ட சேகர் தம்பதி, இவர்கள் எவ்வளவு ஆசாரமான குடும்பம் என்று மனதுக்குள் வியந்து, பயபக்தியோடு சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு பெரியவர்களும் சோபாவில் உட்கார்ந்து காலநிலையைப் பற்றிப் பேசினார்கள். டென்மார்க்கில் அது ஒரு கால் மணி நேரம் தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் தாங்கவில்லை. கல்யாணத்தை எங்கே வைப்பது என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. சிவானந்தன் ஹொல்ஸ்டெப்ரோவில் மண்டபம் எடுத்து அறுநூறு பேரைக் கூப்பிட நினைத்திருந்தார். சேகர் மதுரையில் ஒரு கோயிலில் சொல்லியே வைத்துவிட்டார். இரண்டு பேருமே அதை வாய் திறந்து சொல்லவில்லை.

சுபாங்கன்தான் வழி கண்டுபிடித்தான். "வீட்டுக்குள்ளை நாலு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ அப்பா. நாளைக்கு ரிங்குபிங் ஃபியோர்டுக்குப் போவம். ஸ்லாப் அவ்."

ஸ்லாப் அவ் என்றால் டேனிஷில் ஆறுதலாக இருங்கள் என்று பொருள். யாராவது ஆறுதலாக இருக்கச் சொன்னால்தான் சிவானந்தனுக்கு நெஞ்சு படபடக்கும்.

ரிங்குபிங் ஃபியோர்ட் கடலோரத்தில் கிடக்கும் ஒரு பெரிய உப்புநீர் ஏரி. மேற்கே அதற்கும் கடலுக்கும் நடுவில் நீளமான ஒரு மணல்மேடு மட்டும்தான். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை ஒரு கோடாகத் தெரியும், சில நாட்களில் அதுவும் தெரியாது. சிவானந்தன் குடும்பம் வருடத்தில் நாலைந்து தடவை அங்கே போவது வழக்கம். போய், கோழி சுட்டுச் சாப்பிட்டு, புல்லில் படுத்து எழும்பி, வீட்டுக்கு வருவார்கள். தண்ணீருக்குள் ஒருவரும் கால் வைத்ததில்லை. தண்ணீர் பார்ப்பதற்கு உரியது என்பது புஸ்பராணியின் கொள்கை.

சனிக்கிழமை காலை அவள் விருந்தாளிகளின் அறைக் கதவைத் தட்டி, "ஒம்பது மணிக்கு வெளிக்கிடுங்கோ, தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளிக்கிடுவதென்றால் யாழ்ப்பாணத்தில் புறப்படுவது. உள்ளே சுசீலா கணவனிடம் மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, வெளிய கிடக்கச் சொல்றாங்களா?" ஒன்பது மணிக்கு இருவரும் வாசல் புல்வெளியில் இரண்டு நாற்காலி போட்டு, எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபியோர்டில் நல்ல வெயில். லேசான மேல்காற்று. கரையில் ஒருவர் சின்ன மின்மோட்டார் பூட்டிய படகுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு படகில் நான்கு பேருக்கு இடம்.

"நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க," என்றாள் இளவேனில். "நாங்க அடுப்பு பத்த வெச்சு ரெடி பண்றோம்." சுபாங்கன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் முதலிலேயே பேசி வைத்த திட்டம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

படகுக்காரர் வரைபடம் ஒன்றை விரித்து, விரலால் காட்டிக் காட்டி டேனிஷில் விளக்கினார். சிவப்புக் கம்பத்துக்கும் பச்சைக் கம்பத்துக்கும் நடுவாலே போகவேண்டும், வெளியே போகக்கூடாது. சிவானந்தனுக்கு டேனிஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பக்கத்தில் எஞ்சினியர் நின்றார். தனக்கு ஒருவர் பாடம் எடுப்பதை எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "யா, யா," என்று இடையில் வெட்டி, "நான் ஒரு தீவிலே பிறந்தவன்," என்று டேனிஷில் சொன்னார். படகுக்காரர் சிரித்து வரைபடத்தை மடித்துக் கொடுத்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இலங்கை ஒரு தீவுதான். ஆனால் சிவானந்தன் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், கடலைப் பேருந்திலிருந்து மட்டும் பார்த்த ஊரில். அது புஸ்பராணிக்குத் தெரியும். செம்மஞ்சள் மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, படகின் நடுவில் உட்கார்ந்தாள்.

முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. சிவானந்தன் பின்னால் இருந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கரையிலே பிள்ளைகள் சின்னதாகிக்கொண்டு போனார்கள். "சார் நல்லா ஓட்டறீங்க," என்றார் சேகர். முப்பத்தெட்டு வருடத்தில் சிவானந்தனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதியோர் இல்லத்தில் எண்பது வயதுக்காரர்கள்கூட சிவா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சார் அவருடைய கையில் வேலை செய்தது. கம்பங்களுக்கு நடுவாலே போவது குழந்தைப்பிள்ளை வேலை என்று தோன்ற, கைப்பிடியைத் திருப்பி, படகை அகன்ற வெளிக்குள் விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அடியில் சர்ரென்று ஒரு சத்தம். மோட்டார் இரண்டு முறை முனகியது. படகு நின்றுவிட்டது.

சிவானந்தன் இயல்பாக இருப்பவர்போல மோட்டாரை நிறுத்தினார். "இதிலை கொஞ்சம் நிப்பாட்டுவம்," என்றார். "நல்ல இடம்."

"ரொம்ப நல்ல இடம் சார்," என்றார் சேகர்.

எல்லோரும் இயற்கையைப் பார்த்தார்கள். தூரத்தில் ஒரு கம்பத்தின்மேல் கறுத்தப் பறவை ஒன்று இறக்கையை விரித்து வைத்தபடி இருந்தது.

"அது என்ன பறவைங்க?" என்று கேட்டாள் சுசீலா.

"அது இஞ்சத்தைப் பறவை," என்றார் சிவானந்தன்.

பறவையை அவர்கள் பத்து நிமிடம் பார்த்தார்கள். அதற்குச் சலித்து அது பறந்துபோய்விட்டது. பிறகு பார்ப்பதற்கு வெறும் கம்பம்தான் இருந்தது. சிவானந்தன் மோட்டாரை மெதுவாக ஒருமுறை முடுக்கிப் பார்த்தார். அது சேற்றைக் கலக்கிவிட்டு, டிக் என்று ஓர் ஒலியோடு வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் பழுப்பாக, அடி தெரியாமல் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் புஸ்பராணி. "நாங்கள் தட்டிப்போய் நிக்கிறமோ?"

"இல்லை. ஆறுதலா நிக்கிறம்."

"சுபாங்கனுக்கு ஃபோன் எடுக்கட்டோ?"

"பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். பயந்திடுவினம்."

"அவை ஏன் பயப்பிடுகினம்? அவை கரையிலை நிக்கினம். பயந்துபோய் இருக்கிறது நான்."

சேகர் தொண்டையைச் செருமினார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு நீச்சல் தெரியும்ல?"

சிவானந்தன் தூரத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாம். ஆனால் நான்கு பக்கமும் தண்ணீராக இருக்கும்போது பொய் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. "தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாது," என்றார் சேகர். "இங்க வந்த புதுசுல கத்துக்கலாம்னு போனேன் சார். மொதல்ல குளிக்கணும், குளிக்கற எடத்துல ஒட்டுத்துணி இருக்கக்கூடாதுன்னாங்க. உள்ள எட்டிப் பார்த்தேன். பத்து இருபது பேரு அப்படியே நிக்கறாங்க. அதுல ஒருத்தர் என் மேனேஜர். திரும்பி வந்துட்டேன்."

சிவானந்தன் அவரை வியப்போடு பார்த்தார். "நானும் அதாலைதான் விட்டனான். எண்பத்தேழாம் ஆண்டு. எங்களுக்கு டேனிஷ் படிப்பிச்ச வாத்தியார் அதுக்குள்ளை நிண்டார். அடுத்த நாள் வகுப்பிலை அவரின்ரை முகத்தை நிமிந்து பாக்கேலாமல் போச்சு."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நேற்று மாலையிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. சிரித்த சிரிப்பில் சிவானந்தனுடைய மழைச்சட்டைப் பையிலிருந்து ஈயத்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று வழுகி, புஸ்பராணியின் காலடியில் விழுந்தது. அவள் எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஆறு மட்டன் ரோல்ஸ்.

நான்கு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"டீப் ஃப்ரீசருக்கை கிடந்தது," என்றார் சிவானந்தன். குரல் தாழ்ந்திருந்தது. "விடிய எழும்பிப் பொரிச்சனான். குறை நினைக்காதேங்கோ. ரெண்டு நாளா மரக்கறி."

புஸ்பராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தங்கச்சி, இவர் இப்பிடித்தான். நீங்கள் சைவக்காரர் எண்டு தெரிஞ்சும்..."

"யாருங்க சைவம்?" என்றாள் சுசீலா.

"நீங்கள்."

"நாங்களா? எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை கறி இல்லேன்னா இவரு சாப்பிடவே உக்காரமாட்டாரு. பொண்ணு மட்டும்தான் காலேஜ் போனப்புறம் சாப்பிடறதில்ல. நீங்கதான் சுத்த சைவம்னு நெனச்சு, கார்ல வரும்போதே இவர பல்லு வெளக்க வெச்சு கூட்டிட்டு வந்தேன். வழியில ஹாட்டாக் சாப்பிட்டுட்டாரு."

சேகரின் கண்கள் பொட்டலத்தை விட்டு நகரவில்லை. "சார்," என்றார். "ஒண்ணு எடுத்துக்கலாமா?"

ஆறு ரோல்ஸும் ஐந்து நிமிடத்துக்குள் தீர்ந்தன. சுசீலா இரண்டு சாப்பிட்டாள். வயிற்றில் இறைச்சி இறங்கியதும் சேகருக்கு மனம் திறந்துகொண்டது.

"உண்மையச் சொல்லணும்னா, உங்களப் பாக்கவே எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு சார்."

"என்னைப் பாத்தோ?"

"அந்தப் படகுக்காரர்கிட்ட டேனிஷ்ல ஏதோ சொன்னீங்க, அவர் சிரிச்சார். பதினோரு வருஷமா இருக்கேன், என் டேனிஷுக்கு ஒருத்தன் சிரிச்சதில்ல. புரியலன்னுதான் பாப்பாங்க. மொழிப் பரீட்சை மூணு தடவ ஃபெயில். ஆபீஸ்ல மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஜோக்கடிப்பாங்க. நான் தலையாட்டிட்டே ரொட்டி தின்னுட்டு வந்துருவேன்."

சிவானந்தன் ஒரு வாரமாக இந்த மனிதருக்கு முன்னால் சலவை வேலை என்று எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சலவை வேலைதான்," என்றார் கடைசியில். "கிழடுகளின்ரை உடுப்புத் தோய்க்கிறது. அதுகளுக்குக் கதைக்க ஆள் இல்லை, எனக்கு டேனிஷ் வந்திட்டுது."

"பெரிய விஷயம் சார் அது," என்றார் சேகர், உண்மையாகவே.

இந்த நேரத்தில் புஸ்பராணி கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தாள். "அங்கை தெரியிறது என்ன?"

"அது வழி காட்டுற கம்பம்," என்றார் சிவானந்தன். "படகுகளுக்கு வைச்சிருக்கிறாங்கள்."

"கம்பம் அசையுது."

"அது வெயிலுக்கு அப்பிடித்தான் தெரியும்."

புஸ்பராணி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கடை கம்பம் நாயோடை வருது," என்றாள்.

சிவானந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு அவசரம். காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. யாரும் வந்து காப்பாற்றுவதற்கு முன்னால் தானே படகைக் கிளப்பிவிட வேண்டும் என்று நினைத்தார். துடுப்பை எடுத்துக்கொண்டு இடது விளிம்பில் எழுந்து நின்று, அடி மணலில் ஊன்றித் தள்ளினார். படகு லேசாக ஆடியது. ஆட்டத்தில் மற்ற மூன்று பேரும் இருக்கையிலிருந்து எழும்பப் பார்த்தார்கள். அவருக்குத் திக்கென்றது.

"எல்லாரும் இந்தப் பக்கம் வந்தா போட் தாண்டு போயிடும்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் படகு தாண்டு போவதென்றால் மூழ்கிப் போவது. மதுரையில் தாண்டிப் போவதென்றால் கடந்து போவது. சேகர் எஞ்சினியர். பாரத்தை ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கம் மணலை விட்டுக் கிளம்பும், படகு மேட்டைத் தாண்டிவிடும் என்பது அவருக்கு உடனே சரியாகப் பட்டது. சார் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று நினைத்தார்.

"சுசீ, வா. அக்கா, நீங்களும் வாங்க. எல்லாரும் அந்தப் பக்கம்," என்று சொல்லி, இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடது விளிம்புக்கு ஒரே எட்டில் வந்தார்.

படகு சரிந்தது. சிவானந்தன் துடுப்போடு பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போனார். அவர் போன வேகத்தில் படகு மணலை விட்டு வழுக்கி, ஒரு குலுக்கலோடு விடுபட்டு மிதந்தது.

"தாண்டிருச்சு சார்," என்றார் சேகர், பெருமையோடு. பிறகுதான் சார் படகில் இல்லை என்பதைக் கவனித்தார்.

சிவானந்தன் மல்லாந்து கிடந்தார். மிதவைச் சட்டை அவரைத் தூக்கிப் பிடித்திருந்தது. புரட்டிப்போட்ட ஆமையைப்போலக் கையும் காலும் அடித்துக்கொண்டு, முதலில் தமிழிலும் பிறகு டேனிஷிலும் உதவி கேட்டார். வாய்க்குள் உப்புத்தண்ணீர் போனது. படகு காற்றோடு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. படகில் புஸ்பராணி நல்லூர் முருகனைக் கூப்பிட்டாள். சுசீலா மீனாட்சியைக் கூப்பிட்டாள்.

வந்தது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு டேனிஷ் பெண். பாண்ட்ஸை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய மண்ணிற நாய், வயிறுகூட நனையாமல் நடந்து வந்தது. அவள் சிவானந்தனின் தலைமாட்டில் வந்து நின்று குனிந்து பார்த்தாள்.

"நீங்கள் எழுந்து நிற்கலாம்," என்று டேனிஷில் அமைதியாகச் சொன்னாள்.

சிவானந்தன் அடிப்பதை நிறுத்தினார். காலைக் கீழே வைத்தார். மணல் தட்டுப்பட்டது. எழுந்து நின்றார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

நாய் அவரை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. அந்தப் பெண் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு, நாயோடு தெற்கு நோக்கி நடையைத் தொடர்ந்தாள். அவள் போகும்வரை சிவானந்தன் அசையாமல் நின்றார்.

பிறகு படகைத் துரத்திக்கொண்டு நடந்தார். ஓடவேண்டிய தேவை இருக்கவில்லை. இருபது எட்டில் பிடித்துவிட்டார். மோட்டாரில் எதுவோ உடைந்திருந்தது, ஆகவே முன்கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். கொஞ்ச தூரத்தில் படகு மறுபடி மணலில் தட்டியது. சேகர் காலணியைக் கழற்றி, பாண்ட்ஸைச் சுருட்டி, இரண்டு முறை காலால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். அதற்கும் படகு அசையாததால் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. புஸ்பராணி கால்விரலால் மணலைக் கிளறிப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் உதிலை கால் வைக்காமலே இருந்திட்டன்," என்றாள் சுசீலாவிடம். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஆண்கள் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துத் தேர் இழுப்பதுபோலப் பின்னால் வந்தார்கள்.

"நான் தாழும் எண்டு சொன்னனான்," என்றார் சிவானந்தன் சிறிது நேரம் கழித்து.

"நீங்க தாண்டும்னு சொன்னீங்க."

"ஓம். தாண்டு போகும் எண்டா தாழும் எண்டுதான் கருத்து."

சேகர் நின்றுவிட்டார். விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் கயிற்றை விட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மன்னிச்சிருங்க சம்பந்தி," என்றார். சார் எங்கே போனதென்று இருவருமே தேடவில்லை.

கரைக்கு வர முக்கால் மணி நேரம் பிடித்தது. ஃபியோர்டின் நடுவிலிருந்து நான்கு செம்மஞ்சள் உருவங்கள் நடந்து வருவதைக் கரையில் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். படகுக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார். சிவானந்தன் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டார்.

"வி கிக்," என்றார். நாங்கள் நடந்தோம். இரண்டே சொல், இலக்கணம் சுத்தம்.

படகுக்காரர் வெடித்துச் சிரித்துச் சேகரின் முதுகில் ஓங்கித் தட்டினார். சேகர் சிவானந்தனைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சை முடிவு வந்தவருடைய முகம்.

சிவானந்தனுக்கு மாற்றுடுப்பு இல்லை. சுபாங்கனின் கடற்கரைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, நெஞ்சைத் துவாயால் மூடியபடி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்சட்டை முழுவதும் அன்னாசிப்பழப் படம். இளவேனில் சுட்ட சோளத்தையும் கத்தரிக்காயையும் தட்டில் வைத்து நீட்டினாள். பெரியவர்கள் எதற்குச் சண்டை பிடித்திருப்பார்கள், யார் யாரைத் தண்ணீரில் தள்ளியிருப்பார்கள் என்று அவளும் சுபாங்கனும் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் கதைச்சு முடிஞ்சுது," என்று அறிவித்தாள் புஸ்பராணி. "கலியாணம் இஞ்சை ஹொல்ஸ்டெப்ரோவிலை. நானூறு பேர் போதும்."

"வரவேற்பு தை மாசம் மதுரைல," என்றாள் சுசீலா. "அக்கா வீட்டுலேந்து பத்து பேரு வராங்க. தங்கறது எங்க அண்ணன் வீட்டுல."

சிவானந்தனும் சேகரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அறுநூறு பேர் நானூறு ஆகியிருந்தது. கோயில் வரவேற்பாகச் சுருங்கியிருந்தது. எப்போது, எந்த இடத்தில் இது நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. படகை இழுத்த களைப்பில் இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சுபாங்கன் சோளத்தைக் கீழே வைத்தான். அவனும் இளவேனிலும் நகரசபைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, இருபது நண்பர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்றிருந்தார்கள். "அம்மா," என்றான். "எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறம்தானே," என்றாள் புஸ்பராணி. "வைகாசிக் கடைசியோ, ஆனி முதலோ?"

சுபாங்கன் தகப்பனைப் பார்த்தான். அன்னாசிப்பழக் காற்சட்டையோடு அவர் கத்தரிக்காயில் மும்முரமாக இருந்தார். இளவேனில் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"ஆனி," என்றாள்.